படைமுகாம் முதல் லயன் அறை வரை: தடுக்கக்கூடிய மரணங்கள்

தற்கொலை என்பது தனிமனிதரின் மனப்பலவீனத்தால் நேர்வது, அதனை எவராலும் தடுக்க முடியாது என்ற எண்ணம் நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. மதுப்பழக்கத்தைப் பற்றியும் நாம் இவ்வாறே பேசிப் பழகியுள்ளோம். "குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதான் இருப்பான்" என்று சொல்லிக் கைகழுவி விடுகின்றோம். இவ்விரு எண்ணங்களும் எவ்வளவு தவறானவை என்பதை உலகின் சில படைத்துறைகள் தமது வீரர்களை இழந்தபின் உணர்ந்துகொண்டன. நமது நாடும் ஏறத்தாழ அதே காலத்தில், வேறொரு வழியில், அதே உண்மையை உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. ஆயினும் அப்பாடத்தின் பயன் படைமுகாம்களையோ பெருந்தோட்ட லயன் அறைகளையோ முழுமையாகச் சென்றடையவில்லை என்பதே நமது கவலையாகும்.

முதலில் படைத்துறையின் நிலையை நோக்குவோம். படைவீரர் என்பவர் வயதில் இளையவர். உடல்நலமும் மனநலமும் பரிசோதிக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். மாதச் சம்பளமும் உணவும் உறைவிடமும் உறுதியாகக் கிடைப்பவர். அத்தகையவர்களிடையே தற்கொலை குறைவாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடப்பதோ வேறு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பின்னரான போர்களில் பணியாற்றிய அமெரிக்கப் படையினரிலும் முன்னாள் படையினரிலும் 30,177 பேர் தற்கொலை செய்துகொண்டதாக மதிப்பிட்டது. அதே போர்களின் நடவடிக்கைகளில் கொல்லப்பட்ட படையினர் 7,057 பேர். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைப் போல நான்கு மடங்கினர் தம் கையாலேயே மாண்டுள்ளனர். உலகின் மிகச் செல்வந்தப் படையின் நிலையே இதுவென்றால் ஏனைய நாடுகளின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

அண்டை நாடான இந்தியாவில் மத்திய ஆயுதப் பொலிஸ் படைகளைச் சேர்ந்த 658 பேர் 2018 முதல் 2022 வரையான ஐந்தாண்டுகளில் தற்கொலை செய்துகொண்டதாக அந்நாட்டு அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. இவர்களில் பலர் போர்முனையில் நின்றவர்கள் அல்லர். விமான நிலையங்களையும் தொழிற்சாலைகளையும் காவல் புரிந்தவர்களும் இவர்களுள் அடங்குவர். எனவே போரின் கோரம் மட்டுமே இம்மரணங்களுக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. குடும்பத்தைப் பிரிந்து நெடுங்காலம் வாழ்தல், அவசர வேளையிலும் விடுமுறை கிடைக்காமை, கடன் சுமை, மேலதிகாரியின் அவமதிப்பு, மனக்குறையை வெளியிட்டால் கோழை என்ற பெயர் வந்துவிடும் என்ற அச்சம் ஆகிய அன்றாடத் துன்பங்களே பெரிதும் காரணமாகின்றன. இவற்றுக்கு ஆறுதலாகப் பல படைகளில் வீரர்களுக்குக் கிடைப்பது சலுகை விலை மது. மது மனச்சோர்வை ஆழப்படுத்துகின்றது, தயக்கத்தை அகற்றுகின்றது. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கியும் இருக்குமாயின் ஒரு கண நேரக் கொந்தளிப்பு உயிரைப் பறித்துவிடுகின்றது.

நமது நாட்டின் படையினரும் இதற்கு விதிவிலக்கானவர்கள் அல்லர். 1983 முதல் 2009 மே வரை நீடித்த போரில் பங்குகொண்ட சிப்பாய்களில் மிகப் பெரும்பாலானோர் வறிய சிங்களக் கிராமங்களின் பிள்ளைகள். போர்க் காலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் படையை விட்டுத் தப்பியோடினர். அவர்களுக்கு மீண்டும் மீண்டும் பொதுமன்னிப்புக் காலங்கள் அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். போர் முடிந்த காலத்தில் கடற்படையினரிடையே நமது வைத்திய நிபுணர்கள் நடத்திய ஆய்வொன்றில், போருக்குப் பிந்திய மனவடு நோய்க்கு ஆளானோர் ஏறத்தாழ 2 சதவீதத்தினரே எனக் காணப்பட்டது. இது ஆறுதலளிக்கும் செய்தியே. ஆயினும் அத்தகைய ஆய்வு சேவையில் எஞ்சியிருப்போரையே கணக்கிடும். தப்பியோடியவர், அங்கவீனமுற்று வீடு திரும்பியவர், சேவை முடிந்து ஏதோவொரு நிறுவனத்தின் வாயிலில் இரவுக் காவலராக நிற்பவர் ஆகியோரின் மனநிலையை அது கூறாது.

2023 ஜனவரியில் அரசாங்கம் இராணுவத்தின் ஆட்தொகையை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைக்கப் போவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்க தீர்மானம் இது. நாட்டின் வருமானத்தை விழுங்கும் பாரிய படையொன்று சமாதான காலத்தில் அவசியமில்லை. ஆனால் ஆட்குறைப்பு என்பது வரவுசெலவுத் திட்டத்தின் ஓர் இலக்கம் மட்டுமன்று. சீருடையும் தோழமையும் ஒழுங்கும் நிறைந்த வாழ்விலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே தடவையில் வெளியேறும்போது, வேலையின்மையும் மதுவும் அவர்களை வாயிலில் நின்று வரவேற்கும். அவர்களுக்கான தொழிற்பயிற்சியும் மனநலச் சேவையும் ஆட்குறைப்பின் ஓர் அங்கமாகத் திட்டமிடப்படல் வேண்டும்.

தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்பக்கூடும். நமக்கு இராணுவம் தந்த அனுபவம் கசப்பானதாயிருக்க, சிப்பாய்களின் துயரைப் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்பதே அவ்வினா. அதில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். இழைக்கப்பட்ட அநீதிகளுக்குப் பொறுப்புக்கூறல் வேண்டும் என்பதில் நமது நிலைப்பாடு மாறவுமில்லை. ஆனால் பொறுப்புக்கூற வேண்டியோரும் இரவில் உறக்கமின்றித் தவிக்கும் சாதாரணச் சிப்பாயும் எப்போதும் ஒருவராகவே இருப்பதில்லை. மேலும், இத்துயர் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. 19 ஆம் நூற்றாண்டில் இலங்கை ரைபிள் படையின் பெரும்பகுதியாக விளங்கியோர் மலாய் முஸ்லிம்களே. 1873 இல் அப்படை கலைக்கப்பட்டபோது பலர் பொலிஸிலும் பெருந்தோட்டங்களிலும் பிழைப்புத் தேடினர். போரின் மறுபக்கத்தில் நின்று, பின்னர் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். 1977 இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அப்போரின் நெருப்புக்குத் தப்பவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தபின் மனத்தின் சுமையைக் கீழே வைக்க இயலாதவர்கள் இரு தரப்பிலும் உள்ளனர்.

இதைவிட நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. படைமுகாமின் வாழ்வுக்கும் நமது லயன் வாழ்வுக்கும் இடையிலான ஒற்றுமையே அது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பிரதான வீதியில், புசல்லாவையைக் கடந்ததும் வருவது இறம்பொடை. நீர்வீழ்ச்சியையும் ஆஞ்சநேயர் ஆலயத்தையும் காண உள்நாட்டினரும் வெளிநாட்டினரும் நாள்தோறும் வந்து செல்கின்றனர். வீதியோரத்தில் நின்று பார்ப்பவர்களின் கண்ணுக்குத் தெரிவது பசுமை மட்டுமே. அப்பசுமைக்கு நடுவேயுள்ள லயன்களில் ஒரு குடும்பம் முழுவதும் ஓரிரு அறைகளுக்குள் வாழ்கின்றது. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும் கங்காணிமாரும் அடுக்கடுக்காய் நிற்கும் அதிகாரத்தின் கீழ், இட்ட வேலையைச் செய்து, நிறுத்த கொழுந்துக்குப் பெயர் பெறுவதே நாளாந்த வாழ்வு. இளைஞர்கள் கொழும்புக்குக் கடைச் சிப்பந்திகளாகவும் பெண்கள் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகவும் சென்றுவிட, குடும்பம் சிதறிக் கிடக்கின்றது. பிரிவும் கடனும் அவமதிப்பும் மதுவும் ஓரிடத்தில் கூடினால் என்ன நேரும் என்பதைப் படைமுகாம்கள் நமக்குக் காட்டுகின்றன. லயன்களிலோ துப்பாக்கியின் இடத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது பயிர்களுக்கு அடிக்கும் மருந்து.

இனி, நமது நாடு உலகுக்குக் காட்டிய வழியைப் பார்ப்போம். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அம்மரணங்களில் பெரும்பாலானவை விவசாய இரசாயனங்களால் நேர்ந்தவை. 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்றிருந்த பதிவாளர், மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளை 1984 முதல் படிப்படியாகத் தடை செய்யத் தொடங்கினார். 1995 இலும் 1998 இலும் மேலும் பல தடைகள் வந்தன. தேயிலைத் தோட்டங்களில் களையழிக்கப் பெரிதும் பயன்பட்ட பரகுவாட் என்னும் களைகொல்லி 2008 முதல் 2011 வரை கட்டம் கட்டமாக நீக்கப்பட்டது. 1997 இல் தற்கொலைத் தடுப்புக்கென ஜனாதிபதிக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. 2005 அளவில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. பின்னர் 70 சதவீதத்துக்கும் அதிகமாக வீழ்ந்தது. 1995 முதல் 2015 வரை இத்தடைகள் ஏறத்தாழ 93,000 உயிர்களைக் காத்தன என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது. ஒரு உயிருக்கு அரசாங்கம் நேரடியாகச் செலவிட்ட தொகை 50 டொலருக்கும் குறைவு.

இதில் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்காலத்தில் மக்களின் துயரங்கள் குறைந்துவிடவில்லை. போர் தொடர்ந்தது, வறுமை தொடர்ந்தது. நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் தொகையும் குறையவில்லை. குறைந்தது மரணம். உயிர்க்கொல்லி நஞ்சு கைக்கெட்டாத காரணத்தால், ஆத்திரத்தில் அவசரப்பட்டவர்கள் பிழைத்தெழுந்தனர். அவ்வாறு பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மீண்டும் அம்முயற்சியால் இறப்பதில்லை என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் கண்ட உண்மை. தடைகளால் பயிர் விளைச்சல் வீழ்ந்துவிடும் என்று கூறப்பட்ட அச்சமும் பொய்த்துப் போயிற்று. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்குச் சில மணி நேரமே நிலைக்கின்றது. அந்தச் சில மணி நேரத்தைக் கடக்க உதவுவதே தடுப்புப் பணியின் சாரம்.

நஞ்சை வீட்டிலேயே பூட்டி வைத்தால் போதாதா என்ற யோசனையும் சோதித்துப் பார்க்கப்பட்டது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 50,000 க்கும் அதிகமான வீடுகளை உள்ளடக்கி நடந்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 2017 இல் வெளியாயிற்று. பூட்டுப் பெட்டி கொடுக்கப்பட்ட கிராமங்களுக்கும் கொடுக்கப்படாத கிராமங்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பூட்டு என்ன செய்யும்? பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் சுமத்தும் ஏற்பாடு பயன் தரவில்லை; அரசாங்கம் தானே பொறுப்பேற்றுச் செய்த தடை பயன் தந்தது.

படைத்துறைகளின் அனுபவமும் இதனையே கூறுகின்றது. இஸ்ரேலியப் படை பலஸ்தீன மண்ணில் புரிந்துவரும் கொடுமைகளை நாம் வன்மையாகக் கண்டித்து வந்துள்ளோம்; இனியும் கண்டிப்போம். எனினும் அப்படையின் பதிவேடுகளிலிருந்து கிடைத்த ஒரு மருத்துவ உண்மையைக் கூறாமல் விடுவதற்கில்லை. வார இறுதி விடுமுறையில் வீடு செல்லும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்ற விதி 2006 இல் கொண்டுவரப்பட்டது. அதன்பின் அவர்களிடையே தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. அமெரிக்க விமானப்படை 1996 இல் வேறொரு வழியைக் கையாண்டது. உதவி நாடுவது கோழைத்தனமன்று என்று தளபதிகளே வெளிப்படையாக அறிவித்தனர். ஒவ்வொரு பிரிவிலும் சக வீரரின் துயரைக் கண்டறியப் பயிற்சி அளிக்கப்பட்டது. மனநல வைத்தியரிடம் கூறுவது பதவிக்குப் பங்கமாகாதபடி இரகசியம் காக்கப்பட்டது. தற்கொலை ஆபத்து 33 சதவீதம் குறைந்ததாக 2003 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இந்தியாவின் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையும், விடுமுறை, இடமாற்றம் ஆகியவற்றில் வீரர்களின் குறைகளுக்குச் செவிசாய்த்தபின் 2024 இல் தற்கொலைகள் முன்னைய ஆண்டைவிட 40 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. ஒரு விடுமுறைக் கடிதத்துக்குக் காலத்தில் கிடைக்கும் கையொப்பம்கூட உயிர்காக்கும் மருந்தாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

மது விடயத்தில் மட்டும் நமது ஆட்சியாளர்கள் இப்பாடத்தைப் பின்பற்றத் தயங்குவது ஏன்? நச்சு மருந்தருந்திய ஆண்களில் பலர் அவ்வேளையில் மதுபோதையில் இருந்துள்ளனர். தாம் குடிக்காத பெண்களும் பிள்ளைகளும் கணவனின், தந்தையின் குடியால் மனமுடைந்து அதே முடிவுக்குச் சென்றுள்ளனர். அதாவது, ஒரு குடிகாரரின் கிண்ணம் அடுத்தவரின் உயிரையும் குடிக்கின்றது. இதனை அறிந்தும் ஆட்சிகள் மதுவை முதன்மையாக ஒரு வருமான வழியாகவே கண்டுள்ளன. பிரித்தானியர் ஆட்சியில் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டு வருமானம் ஈட்டப்பட்டது. அதற்கெதிராக 1912 இல் எழுந்த மதுவிலக்கு இயக்கமே தேசிய எழுச்சியின் முதற் படிகளுள் ஒன்றாயிற்று. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரத்துக்கான தேசிய அதிகார சபையை நிறுவி, மது விளம்பரங்களைத் தடுத்தது. 21 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியல் சன்மானங்களாக வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2024 டிசம்பரில் அவற்றின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியிடப்படும் நிலையும் ஏற்பட்டது. தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் கிடைக்காத நாட்டில் சாராயக் கடைக்கு அனுமதி கிடைப்பது எளிதாயிருந்தது என்பதே இதன் பொருள்.

சாராயத்தின் விலையை உயர்த்தினால் கசிப்பு பெருகும் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. தேயிலை மலைகளின் ஓடைக்கரைகளில் காய்ச்சப்படும் கசிப்பு எவ்வளவு கொடியது என்பதை மலையக மக்கள் நன்கறிவர். ஆயினும் கசிப்பைத் தடுப்பது பொலிஸாரின், கலால் திணைக்களத்தின் கடமை. அவர்கள் கடமையில் தவறுவதைக் காரணங்காட்டி மதுவை மலிவாக்குவது, கள்வனைப் பிடிக்க இயலாதவர் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும். வரி, கடைகளின் தொகை, விற்பனை நேரம், கசிப்பு ஒழிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே செல்ல வேண்டும். மதுவரியால் பெறும் வருமானத்தின் ஒரு பகுதியாவது மதுவுக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கு ஒதுக்கப்படுவது நியாயமாகும்.

நமது சமயங்கள் இவ்விடயத்தில் வழிகாட்டாமல் இல்லை. இஸ்லாம் மதுவையும் தன்னுயிரை மாய்ப்பதையும் திட்டவட்டமாகத் தடை செய்துள்ளது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. எனினும் விலக்கப்பட்ட செயல் என்பதாலேயே அது நம்மவரிடையே இல்லை என்று பாவனை செய்வது பேராபத்தாகும். முஸ்லிம் குடும்பங்களில் மதுவுக்கோ வேறு போதைப்பொருளுக்கோ அடிமையான இளைஞரின் நிலை மானத்துக்கு அஞ்சி மறைக்கப்படுகின்றது. இந்துக் குடும்பங்களில் தற்கொலை வயிற்றுவலியால் நேர்ந்ததென மாற்றிச் சொல்லப்படுகின்றது. மறைக்கப்படும் நோய்க்கு மருந்தில்லை. பாவம் என்று எச்சரிக்கும் கடமையுள்ள மௌலவிமாரும் குருக்கள்மாரும் அருட்தந்தையரும், தவறியவர் திரும்பி வந்து மனந்திறந்து பேசக்கூடிய முதல் மனிதராகவும் இருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியவை எவை? படைத்துறையைப் பொறுத்தவரை, வீரர்களின் தற்கொலைகள் பற்றிய விபரங்களை ஆண்டுதோறும் வெளியிடுதல் முதற்படி. மறைக்கப்படும் எண்ணிக்கையை வைத்து எவரும் திட்டமிட இயலாது. சேவையிலிருந்து நீங்குவோர்க்கும் முன்னாள் போராளிகளுக்கும் அவரவர் மொழியில், பழிச்சொல்லுக்கு இடமின்றி, அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையிலேயே மனநலச் சேவை கிடைக்கச் செய்வது அடுத்தது.

பெருந்தோட்டங்களைப் பொறுத்தவரை, தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் மனச்சோர்வையும் மது அடிமைத்தனத்தையும் இனங்காணும் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் மனநலச் சேவைகளில் தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர்கள் போதியளவு இருத்தல் வேண்டும். மனத்தின் துயரை மொழிபெயர்ப்பாளர் மூலம் கூறும்படி ஒருவரை நிர்ப்பந்திப்பது சிகிச்சையாகாது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு நின்றுவிடாமல், தோட்டங்களை அண்டிய புதிய மதுபானசாலை அனுமதிகளை எதிர்ப்பதையும் தமது கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டும். சந்தாப் பணம் கட்டும் தொழிலாளியின் சம்பளம் அந்தக் கடைகளிலேயே கரைகின்றது என்பதை அவை மறக்கலாகாது. ஊடகங்களாகிய நமக்கும் பங்குண்டு. தற்கொலைச் செய்தியைப் பரபரப்பாக்குதல், செய்முறையை விபரித்தல், ஒற்றைக் காரணத்தைச் சூட்டுதல் ஆகியன பிறரையும் அவ்வழியில் தூண்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை. இதில் நாமும் தவறியதுண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

சட்டங்களும் திட்டங்களும் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத கடமை ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அண்டை வீட்டில் ஒருவர் திடீரெனக் குடியில் மூழ்கினால், பேச்சைக் குறைத்தால், "இனி இருந்து என்ன பயன்" என்று சொன்னால், அதனைக் குடிபோதைப் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். அருகில் அமருங்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் வளராது. தனியே விடாமல், நஞ்சையும் ஆயுதத்தையும் அகற்றி, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டால் ஆலோசனை பெறலாம். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பும் துயருற்றோரின் குரலுக்குச் செவிகொடுக்கின்றது.

நஞ்சைக் கடைத்தெருவிலிருந்து அகற்றியதால் ஏறத்தாழ 93,000 உயிர்களைக் காத்த நாடு நமது நாடு. அந்தத் துணிவை மது விடயத்திலும் மனநலச் சேவையிலும் காட்ட இயலாது என்று எந்த அரசாங்கமும் கூற முடியாது. முகாமில் காவல் நிற்கும் சிப்பாய்க்கும், இறம்பொடை மலைச்சரிவில் கூடை சுமக்கும் தாய்க்கும், அவள் வீடு திரும்பும் வரை லயன் வாசலில் காத்திருக்கும் பிள்ளைக்கும் அந்தத் துணிவின் பயன் கிடைக்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது.